ரோட்டரி கிளப்புல குளோபல் கிராண்ட் போடறது எப்படி: புதுசா ஃபவுண்டேஷன் சேர் ஆனவங்களுக்கு

ஜூலைல புது நிர்வாகிங்க பதவியேற்கற இன்ஸ்டலேஷன் முடிஞ்ச கையோட கிளப்புல யாராவது ஒருத்தர் தலையில ஃபவுண்டேஷன் சேர், அதாவது ரோட்டரி ஃபவுண்டேஷன் நிதி, கிராண்ட் வேலைக்கு பொறுப்பாளர்ங்கற பதவிய கட்டிடுவாங்க, அவரும் சட்டைல ரோட்டரி பின் குத்திக்கிட்டு போட்டோவுக்கு நின்னுட்டு, சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் பக்கத்துல இருக்கறவர்கிட்ட மெதுவா கேப்பாரு, சார் இதுல நான் என்னதான் செய்யணும்னு. அந்த ஆள் நீங்கன்னா இது உங்களுக்குத்தான். உலகம் பூராவும் தண்ணி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்னு ரோட்டரி பேர்ல நடக்கற வேலைல முப்பது நாப்பது மெம்பர் இருக்கற நம்ம ஊர் கிளப்பு எப்படி கைகோக்கறது, காசு எங்கேர்ந்து வருது, அப்ளிகேஷன் எங்க மாட்டிக்கும், இதெல்லாம் சொல்றேன். லயன்ஸ்ல இருக்கறவங்களுக்கு எல்சிஐஎஃப்னு அவங்களோட ஃபவுண்டேஷன் தனி வழியா இருக்கு, விதிமுறையும் வேற, ஆனா தேவைய கண்டுபிடிக்கறது பத்தி நான் சொல்றது அவங்களுக்கும் பொருந்தும்.

முதல்ல காசு வர்ற வழி

ரோட்டரி ஆரம்பிச்சது 1905 சிகாகோல. 1917ல அப்போ தலைவரா இருந்த ஆர்ச் க்ளம்ஃப், உலகத்துக்கு நல்லது செய்ய ஒரு நிதி வேணும்னு சொன்னாரு, அதுக்கு முதல்ல வந்த காசு கான்சஸ் சிட்டி கிளப்பு கொடுத்த 26 டாலர் 50 சென்ட். அதுதான் இன்னிக்கு ரோட்டரி ஃபவுண்டேஷனா வளந்து நிக்குது. 100 டாலர் போடுங்க, 1000 டாலர் போட்டா பால் ஹாரிஸ் ஃபெலோங்கற கௌரவம்னு வருஷா வருஷம் நம்மள நச்சரிக்கறாங்களே, அது போய் சேர்ற இடம் இதுதான்.

நெறைய மெம்பருக்கு அந்த காசு அமெரிக்காவுக்கு போயிடுச்சு, அவ்ளோதான்னு ஒரு நெனப்பு. அப்படி இல்ல. ஆன்யுவல் ஃபண்ட் ஷேர்னு குறிச்சு போட்ட காசு மூணு வருஷம் முதலீட்டுல இருக்கும், அப்புறம் நிர்வாகச் செலவுக்கு ஒரு 5 சதவீதம் போக மீதி ரெண்டா பிரியும், ஒரு பாதி நம்ம டிஸ்ட்ரிக்ட் (பக்கத்து ஊர் கிளப்புகள் எல்லாம் சேந்த ரோட்டரி மாவட்டம்) பேர்லயே டிடிஎஃப்னு, அதாவது டிஸ்ட்ரிக்ட் டெசிக்னேட்டட் ஃபண்டுன்னு திரும்ப வரும், இன்னொரு பாதி எல்லா நாட்டுக்கும் பொதுவான வேர்ல்ட் ஃபண்டுக்கு போகும். சீட்டு கட்டிட்டு மூணு வருஷம் கழிச்சு எடுக்கற மாதிரி, 2022-23ல உங்க டிஸ்ட்ரிக்ட் எவ்ளோ போட்டாங்களோ அத வெச்சுதான் 2025-26ல டிடிஎஃப் கிடைக்கும். அதனால இந்த வருஷம் டிஸ்ட்ரிக்ட் கவர்னர் உங்க கிளப்புக்கு டிடிஎஃப் கம்மியா கொடுத்தா அவர திட்டி பிரயோஜனம் இல்ல, மூணு வருஷத்துக்கு முன்னாடி இருந்த கணக்க பாருங்க.

டிடிஎஃப்ல பாதி வரைக்கும் டிஸ்ட்ரிக்ட் கிராண்டா எடுக்கலாம், அது சின்ன வேலைக்கு, வெளிநாட்டு பார்ட்னர் எல்லாம் தேவையில்ல. பெரிய வேலைக்கு குளோபல் கிராண்ட், இதுக்கு மொத்த பட்ஜெட் குறைஞ்சது 30,000 டாலர் இருக்கணும், நம்ம காசுல சுமார் 25 லட்சத்துக்கு மேல. தொகைய பாத்து பயப்பட வேணாம், முழுசும் உங்க பாக்கெட்லேர்ந்து போறதில்ல, கணக்கு கீழ வருது.

போலியோ காசு தனி டப்பா

இத கலக்காதீங்க. போலியோ பிளஸ்ஸுக்கு போட்ட காசு போலியோவுக்கு மட்டும்தான். 1979ல பிலிப்பைன்ஸ் குழந்தைகளுக்கு சொட்டு மருந்து கொடுக்கறதுல ஆரம்பிச்சு, 1985ல போலியோ பிளஸ் திட்டமா ஆச்சு, 1988ல உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், அமெரிக்காவோட நோய் தடுப்பு மையமான சிடிசி எல்லாரும் சேந்துக்கிட்டாங்க. நாம ஒரு டாலர் போட்டா கேட்ஸ் ஃபவுண்டேஷன் ரெண்டு டாலர் போடுது, வருஷத்துக்கு ரோட்டரி திரட்டற 5 கோடி டாலர் வரைக்கும். மெம்பர்கிட்ட நிதி கேக்கும்போது இத சொல்லுங்க, ஒண்ணு மூணாகுதுன்னா வியாபாரிகளுக்கு டக்குனு புரியும்.

இன்னொண்ணும் சொல்லுங்க. இந்தியாவுல கடைசி போலியோ கேஸ் 2011 ஜனவரி 13, மேற்கு வங்காளம் ஹௌரா பக்கம் ஒரு சின்னப் பொண்ணு, அதுக்கப்புறம் 2014 மார்ச்ல இந்தியா சேந்த தென்கிழக்கு ஆசியப் பகுதிக்கே போலியோ இல்லன்னு சான்றிதழ் கிடைச்சுது. இலங்கைல போர் நடந்துக்கிட்டு இருந்த காலத்துல, தடுப்பூசி நாள்ல மட்டும் ரெண்டு பக்கமும் துப்பாக்கிய கீழ வெக்க வெச்சதுல யுனிசெஃப் கூட சேந்து நின்னவரு அங்க ரோட்டரியோட போலியோ பொறுப்புல இருந்த கே. ஆர். ரவீந்திரன், அவர்தான் பின்னாடி 2015-16ல ரோட்டரி இன்டர்நேஷனல் தலைவரா ஆனாரு. இயற்கையா பரவற போலியோ வைரஸ் இப்போ நிரந்தரமா தங்கியிருக்கறது ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் ரெண்டு நாட்டுல மட்டும்தான். நாம விட்டுட்டா திரும்ப வந்துரும், அதுக்குத்தான் இன்னமும் கேக்கறாங்க.

என்ன வேணும்னு நீங்க முடிவு பண்ணாதீங்க

நெறைய அப்ளிகேஷன் அடிவாங்கற இடம் இதுதான், பாஸ் ஆகி பணம் வந்தப்புறமும் திட்டம் படுத்துக்கற இடமும் இதுதான். வழக்கமா என்ன நடக்கும்னா, ஒரு மெம்பருக்கு கம்ப்யூட்டர் விக்கற கடைக்காரர தெரியும், உடனே ஸ்கூலுக்கு கம்ப்யூட்டர் லேப். இன்னொருத்தருக்கு ஆர்ஓ பிளான்ட் டீலர தெரியும், உடனே எல்லா ஊருக்கும் ஆர்ஓ. பொருள முடிவு பண்ணிட்டு அதுக்கு ஏத்த தேவைய தேடறது. ஃபவுண்டேஷன் இத ஒத்துக்கறதில்ல, அப்ளிகேஷன் கூடவே கம்யூனிட்டி அசெஸ்மென்ட் ரிப்போர்ட் வெக்கணும், யார்கிட்ட கேட்டீங்க, எப்போ கேட்டீங்க, அவங்க என்ன சொன்னாங்க, அவங்ககிட்ட ஏற்கனவே என்ன இருக்கு, எல்லாம் எழுதணும்.

எப்படி கேக்கறது? ஹெச்எம், பஞ்சாயத்து தலைவர், பிஹெச்சி டாக்டர், இவங்களோட நிறுத்திக்காதீங்க, ஏன்னா பெரிய மனுஷங்க கிட்ட கேட்டா கட்டடம்தான் சொல்லுவாங்க. மகளிர் சுயஉதவிக் குழு கூடற அன்னிக்கு போங்க, விஏஓ, அங்கன்வாடி டீச்சர், கிராம செவிலியர், ஸ்கூல்ல எட்டாவது ஒம்பதாவது படிக்கற பொண்ணுங்க, இவங்ககிட்ட தனித்தனியா பேசுங்க. ஸ்கூலுக்கு டாய்லெட் கட்டணும்னு நெனச்சு போயிருப்பீங்க, அங்க போனா டாய்லெட் இருக்கும், தண்ணி வராது, பூட்டு போட்டு சாவி ஹெச்எம் ரூம்ல தொங்கும். அப்போ உங்க வேலை கட்டறதில்ல, மோட்டாரும் பைப்பும், தினம் கழுவறதுக்கு ஒரு ஆளும், அந்த ஆளுக்கு சம்பளம் எங்கேர்ந்துங்கறதும்தான்.

அப்ளிகேஷன் பாக்கறவங்க கடைசில வந்து நிக்கற கேள்வியும் அதுதான், நீங்க போனப்புறம் இத யாரு ஓட்டுவா? டயாலிசிஸ் சென்டர எடுத்துக்குங்க, நம்ம நாட்டு கிளப்புகளுக்கு ரொம்ப பிடிச்ச திட்டம். மெஷின் வாங்கறது பெருசில்ல. ஒவ்வொரு தடவைக்கும் டயலைசர், டியூபிங் செலவு இருக்கு, ஆர்ஓ தண்ணி நிக்காம வரணும், பயிற்சி எடுத்த டெக்னீஷியன் ஷிஃப்ட் கணக்குல வேணும், வாரன்டி முடிஞ்சா ஏஎம்சி, அதாவது வருஷ பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு பணம் கட்டணும். நோயாளி வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை ஆயுசு பூரா வரணும். ஆறு மெஷின் வெச்சு ரிப்பன் வெட்டிட்டு, ஒரு தடவைக்கு என்ன செலவாகும், அத யாரு கொடுப்பா, ஆஸ்பத்திரியா, அரசு காப்பீடா, நோயாளியா, இதுக்கு ஒப்பந்தம் எழுதி வாங்காம வந்தீங்கன்னா ரெண்டு வருஷத்துல நாலு மெஷின் மேல துணி போட்டு மூடியிருக்கும். எனக்கு தெரிஞ்ச ஒரு ஊர்ல கிளப்பு பேரு எழுதின போர்டு மட்டும் பளபளன்னு இருக்கு, உள்ள போனா ரூம ஸ்டோரா ஆக்கிட்டாங்க.

இதுக்கு நேர் எதிரா நல்லா யோசிச்ச திட்டம்னா குவாத்தமாலால பாடப்புத்தகத்துக்கு போட்ட திட்டத்த சொல்லுவேன். 1990கள்ல ஆரம்பிச்சது, பல நாட்டு கிளப்புகள் அங்க இருக்கற ஒரு கல்வி தொண்டு நிறுவனத்தோட சேந்து நடத்துது. புத்தகத்த சும்மா கொடுத்துட்டு போகல, ஒவ்வொரு குடும்பமும் வருஷத்துக்கு ஒரு சின்ன வாடகை கட்டுது, அந்த காச தனி நிதியா சேத்து வெச்சு, அஞ்சு வருஷம் கழிச்சு புத்தகம் கிழிஞ்சு போனா அதுலேர்ந்தே புதுசு வாங்கறாங்க. டீச்சருக்கு பயிற்சியும் உண்டு. வெளியிலேர்ந்து திரும்ப கிராண்ட் கேக்க வேண்டியதில்ல. படிக்க ரொம்ப சாதாரணமா இருக்கும், ஆனா நம்ம ஊர் ஸ்மார்ட் கிளாஸ் திட்டம் எத்தனைல பல்பு ஃப்யூஸ் ஆன புரொஜெக்டருக்கு காசு எடுத்து வெச்சிருக்காங்கன்னு யோசிச்சு பாருங்க.

எந்த தலைப்புல வரும்

ஏழு தலைப்பு இருக்கு, அதுக்குள்ள வரலேன்னா குளோபல் கிராண்ட் கிடையாது: அமைதி, நோய் தடுப்பு, தண்ணியும் சுகாதாரமும், தாய் சேய் நலம், அடிப்படைக் கல்வி, ஊர் பொருளாதார முன்னேற்றம், அப்புறம் 2021லேர்ந்து சுற்றுச்சூழல். ஒவ்வொண்ணுக்கும் தனி வழிகாட்டி மெம்பருக்கான மை ரோட்டரி வெப்சைட்ல இருக்கு, தயவு செஞ்சு படிங்க. உதாரணத்துக்கு கல்வின்னு போட்டா வெறும் பெஞ்சு, கம்ப்யூட்டர், டேப்லெட் கொடுக்கறேன்னா எடுபடாது, டீச்சர் பயிற்சியும் பிள்ளைங்க என்ன கத்துக்கிட்டாங்கன்னு அளக்கறதும் வேணும்.

ஆகாதது எதுன்னும் தெரிஞ்சு வெச்சுக்குங்க. புதுசா கட்டடம் கட்ட, நிலம் வாங்க, விழா நடத்த, யாருக்கும் கையில காசா கொடுக்க, இதுக்கெல்லாம் கிடையாது. ஏற்கனவே ஆரம்பிச்ச வேலைக்கும் கிடையாது, இதுல நெறைய பேர் மாட்டறாங்க, அப்ரூவல் வரும்னு நம்பி அட்வான்ஸ் கொடுத்துட்டு அந்த பில்ல கொண்டு வருவாங்க, ஒரு ரூபா வராது.

வெளிநாட்டு பார்ட்னர பிடிக்கறது

குளோபல் கிராண்டுக்கு ரெண்டு ஸ்பான்சர் வேணும், திட்டம் நடக்கற நாட்டுல ஒரு கிளப்பு அல்லது டிஸ்ட்ரிக்ட், வேற நாட்டுல இன்னொண்ணு. ரெண்டு பக்கமும் மூணு பேர் கமிட்டி. முன்பின் தெரியாத அம்பது கிளப்புக்கு ஒரே மெயில தட்டிவிட்டா ஒருத்தரும் பதில் போட மாட்டாங்க, அவங்களுக்கு தினம் அப்படி பத்து வருது. வேற வழி இருக்கு. நம்ம ஊர்லேர்ந்து போயி டொரான்டோ, சிங்கப்பூர், மெல்பர்ன்னு செட்டில் ஆனவங்க அங்க ரோட்டரில இருப்பாங்க, மெம்பரோட மச்சான், காலேஜ் கிளாஸ்மேட், யாராவது ஒருத்தர் கண்டிப்பா கிடைப்பாங்க. உலக கன்வென்ஷன்ல புராஜெக்ட் ஸ்டால்கள் இருக்கும். உகாண்டா பக்கமும் மத்திய அமெரிக்காவுலயும் புராஜெக்ட் ஃபேர்னே தனியா நடக்கும், வெளிநாட்டு கிளப்புக்காரங்க நேர்ல வந்து பாத்து பிடிச்சத எடுத்துக்குவாங்க. ரோட்டரியோட மாணவர் பரிமாற்றத்துல (யூத் எக்ஸ்சேஞ்ச்) உங்க ஊருக்கு வந்து தங்கின வெளிநாட்டு பிள்ளைய அனுப்பின கிளப்ப மறந்துடாதீங்க.

முதல் மெயில்ல காசு கேக்காதீங்க. ஒரு பக்கத்துல ஊரு, பிரச்சன, யார்கிட்ட கேட்டீங்க, அப்புறம் யாரு பாத்துக்குவா, இவ்ளோ போதும், தொகை ரெண்டாவது பேச்சுல வரட்டும். ஜூம் மீட்டிங் போட்டா ஊர் ஆளுங்கள பேச விடுங்க, நீங்க மொழிபெயருங்க, பவர்பாயிண்ட விட அதுக்கு மதிப்பு ஜாஸ்தி. அப்புறம் அவங்களுக்கும் ஜூலை 1ல தலைவர் மாறுவாரு, மார்ச்ல தலையாட்டின பிரசிடென்ட் செப்டம்பர்ல இருக்க மாட்டாரு, அதனால அடுத்த வருஷம் தலைவராகப் போற பிரசிடென்ட் எலக்டையும் ஆரம்பத்துலேர்ந்து கூட்டத்துல உக்கார வைங்க, ரெண்டு பக்கமும்.

எப்பவும் நாம வாங்கற பக்கமே இருக்கணும்னு இல்ல, நம்ம டிஸ்ட்ரிக்டோட டிடிஎஃப்ப ஆப்பிரிக்காவுலயோ நேபாளத்துலயோ நடக்கற திட்டத்துக்கு கொடுத்து நாம இன்டர்நேஷனல் பார்ட்னரா நிக்கலாம். இத செய்யற நம்ம கிளப்புகள் கம்மி, செய்யணும்ங்கறது என் ஆச.

கணக்கு

40,000 டாலர் திட்டம்னு வைங்க. நம்ம டிஸ்ட்ரிக்ட் டிடிஎஃப் 14,000, வெளிநாட்டு டிஸ்ட்ரிக்ட் டிடிஎஃப் 6,000, ஆக 20,000. டிடிஎஃப்க்கு வேர்ல்ட் ஃபண்ட் 80 சதவீதம் சேத்து போடும், அது 16,000. மொத்தம் 36,000 ஆச்சு. மீதி 4,000 ரெண்டு கிளப்பும் கையிலேர்ந்து போடற ரொக்கம். ரொக்கத்துக்கு இப்போ மேட்சிங் கிடையாது, மேல 5 சதவீதம் கூடுதலா கட்டணும், அதாவது 200 டாலர். ஆக ரெண்டு கிளப்பும் பாதிப் பாதி போட்டா உங்க கிளப்பு 2,100 டாலர்ல 40,000 டாலர் வேலைய நடத்தறீங்க, டிடிஎஃப்ப கறக்கறதுலதான் சாமர்த்தியம் இருக்கு. வேர்ல்ட் ஃபண்ட் ஒரு திட்டத்துக்கு அதிகபட்சமா 4 லட்சம் டாலர் வரைக்கும் போடும். வெளிநாட்டுலேர்ந்து ஒரு பங்கு வந்தே ஆகணும், முழுசும் உள்ளூர் காசுல முடிக்க முடியாது.

டிடிஎஃப் கேக்கறதுக்கு முன்னாடி கிளப்பு தகுதி வாங்கணும், பிரசிடென்ட் எலக்டோ அவர் அனுப்பற ஆளோ டிஸ்ட்ரிக்ட் நடத்தற கிராண்ட் செமினார்ல உக்காந்து வரணும், பிரசிடென்டும் எலக்டும் எம்ஓயுங்கற ஒப்பந்தப் பத்திரத்துல கையெழுத்து போடணும். ஞாயித்துக்கிழமை பூரா போயிடும்தான், ஆனா அது இல்லாம ஒண்ணும் நகராது.

இந்தியால இருக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை

வெளிநாட்டு நன்கொடை இந்தியாவுக்குள்ள வந்தா அதுக்குன்னு இருக்கற எஃப்சிஆர்ஏ சட்டம் பொருந்தும். 2020 திருத்தத்துக்கப்புறம் அந்த காசு முதல்ல டெல்லி மெயின் பிராஞ்ச் ஸ்டேட் பேங்க்ல இருக்கற எஃப்சிஆர்ஏ கணக்குக்குத்தான் வரணும், வந்தத இன்னொரு டிரஸ்டுக்கு மாத்தியும் விட முடியாது. அதனால பார்ட்னர் கிளப்பு ஆர்வத்துல நேரா உங்க டிரஸ்ட் கணக்குல போட்டு விடறேன்னா வேணாம்னு சொல்லிடுங்க, எல்லாம் ஃபவுண்டேஷன் வழியாவே வரட்டும். மெம்பர்ங்க ரூபால கொடுக்கறத ரோட்டரி ஃபவுண்டேஷன் இந்தியாவுக்கு கொடுத்தா வருமான வரிச் சலுகைக்கு 80ஜி ரசீது கிடைக்கும். அதே மாதிரி நம்ம டிரஸ்ட் கணக்குலேர்ந்து உகாண்டாவுக்கு நேரா அனுப்பிடலாம்னும் நெனைக்காதீங்க. ஆடிட்டர முதல் மீட்டிங்லயே கூப்பிட்டு உக்கார வைங்க, கடைசில கூப்பிட்டா அவருக்கும் தலைவலி உங்களுக்கும் தலைவலி.

ஸ்காலர்ஷிப், பேரிடர், பெரிய திட்டம்

கல்விக்கு இன்னொரு வழி குளோபல் கிராண்ட் ஸ்காலர்ஷிப், வெளிநாட்டுல முதுகலையோ ஆராய்ச்சியோ படிக்கறவங்களுக்கு, அதுவும் 30,000 டாலர்லேர்ந்துதான், படிப்பு அந்த ஏழு தலைப்புக்குள்ள வரணும், அட்மிஷன் லெட்டர் வேணும். மெம்பரோட பிள்ளைக்கோ பேரனுக்கோ கிடையாது, கேக்கவும் கேக்காதீங்க, வருஷா வருஷம் ஒருத்தர் கேக்கறாரு. அமைதி படிப்புக்குன்னு ரோட்டரி பீஸ் ஃபெலோஷிப் தனியா இருக்கு, பிராட்ஃபோர்டு, உப்சலா, கம்பாலாவுல மக்கரேரேன்னு பல்கலைக்கழகங்கள்ல, நல்ல பசங்க தெரிஞ்சா சொல்லி விடுங்க.

புயல், பூகம்பம்னா கையில கிடைச்ச பழைய துணிய மூட்டை கட்டி அனுப்பாதீங்க. டிஸ்ட்ரிக்ட் வழியா பேரிடர் கிராண்ட் கேக்கலாம், கூடாரமும் சாமானும் கொடுக்கற ஷெல்டர்பாக்ஸ் ரோட்டரியோட சேந்து வேல செய்யுது. 2004 சுனாமிக்கப்புறம் இலங்கைல கிளப்புகள் சேந்து இடிஞ்சு போன 25 ஸ்கூல திரும்ப கட்டி எழுப்பினாங்க, நிவாரணம் கொடுத்து முடிஞ்சப்புறம் நிதானமா பள்ளிக்கூடத்துக்கு வந்தாங்க பாருங்க, அது நல்ல வரிசை. ரொம்ப பெரிய அளவுல பாக்கணும்னா, வருஷத்துக்கு ஒரு திட்டத்துக்கு 20 லட்சம் டாலர் கொடுக்கறாங்க, 2021ல முதல்ல கிடைச்சது ஜாம்பியாவுல மலேரியாவுக்கு, காசுல பெரும்பகுதி கட்டடத்துக்கு போகல, ஊர்லயே இருக்கற சுகாதார பணியாளர்களுக்கு பயிற்சி கொடுக்கத்தான். ஜாம்பியா ரிப்போர்ட்ட ஒரு தடவ படிச்சா உங்க அப்ளிகேஷன் தானா மாறும்.

பணம் வந்தப்புறம்

திட்டத்துக்குன்னு தனி பேங்க் கணக்கு, ரெண்டு ரோட்டேரியன் கையெழுத்து, அந்த ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்காரங்களா இல்லாம பாத்துக்குங்க. பெரிய கொள்முதல் எல்லாத்துக்கும் மூணு கொட்டேஷன். மெம்பரோட கடைலேர்ந்து வாங்கறதா இருந்தா முன்னாடியே எழுத்துல சொல்லிடணும், மறைச்சா கிளப்பு மட்டுமில்ல டிஸ்ட்ரிக்டே கஷ்டப்படும். முதல் பணம் வந்து 12 மாசத்துக்குள்ள ஒரு ரிப்போர்ட், வேல முடியற வரைக்கும் வருஷா வருஷம் ஒண்ணு, முடிஞ்சு ரெண்டு மாசத்துக்குள்ள கடைசி ரிப்போர்ட். ரிப்போர்ட் பாக்கி இருந்தா அடுத்த கிராண்ட் தள்ளிப்போயிடும்.

ரிப்போர்ட்ல போட்டோவ விட எண்ணிக்க முக்கியம், அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு கணக்கு எடுத்து வைங்க. எத்தனை பிள்ளைங்க ரெண்டாங்கிளாஸ் பாடத்த தடங்கல் இல்லாம படிக்கறாங்க, எத்தனை வீட்ல வயித்துப்போக்கு, தண்ணிக்கு எவ்ளோ தூரம் நடக்கறாங்க, இப்படி. முடிஞ்சப்புறம் அதே ஆளுங்ககிட்ட அதே கேள்வி. பத்தாயிரம் பேர் பயனடைஞ்சாங்கன்னு சும்மா எழுதிட்டா அமெரிக்காவுல எவன்ஸ்டன்ல இருக்கற ரோட்டரி தலைமை ஆபீஸ்ல உக்காந்திருக்கற கிராண்ட் ஆபீசர் எப்படி எண்ணினீங்கன்னு கேப்பாரு, எண்ணலேன்னா பதில் இருக்காது.

பில், வவுச்சர், பேங்க் ஸ்டேட்மென்ட், ஒப்பந்தம் எல்லாம் குறைஞ்சது அஞ்சு வருஷம் வெக்கணும், ஒருத்தர் வீட்டு பீரோல இல்லாம ஸ்கேன் பண்ணி பொது டிரைவ்ல. கடைசில கணக்கு முடிக்கும்போது 500 டாலருக்கு மேல மீதி இருந்தா ஃபவுண்டேஷனுக்கு திருப்பி அனுப்பணும், அதுக்குள்ளன்னா அதே திட்டத்துக்கு தேவையான ஏதாவது வாங்கிக்கலாம், ஒரு செட் ஃபில்டர், மோட்டாருக்கு ஸ்பேர். திறப்பு விழா பிரியாணி அதுல சேத்தி இல்ல, அது கிளப்பு காசுல.